மறுமை உலகப் படங்களும் அவற்றின் அளவுகோலும்

நிலவுலகுக்குப் படம் வரைவோன் தான் கண்டதையோ, பிறர் கண்டு அளந்ததையோ வரைகின்றான். மறுமையுலகுக்குப் படம் வரைவோனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அங்குச் சென்று அளந்து மீண்டார் ஒருவரும் இலர். ஆயினும் பல நாடுகளிலும் பல காலங்களிலும் மக்கள் அவ்வுலகுக்கு வழியும் எல்லையும் வகுத்து, நகரும் ஆறும் குறித்து, தொலைவுங்கூடக் கணித்துப் படம் அமைத்து வந்துள்ளனர். இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. அப்படங்களை வரைந்தோருட் பெரும்பாலார் மூலநூலை ஆக்கிய ஆசிரியர் அல்லர். அந்நூலைப் படித்தவரும், பிறர் படிக்கக் கேட்டவருமே ஆவர். ஆசிரியன் ஆங்காங்குச் சொல்லிச் சென்ற பெயர்களையும் தொகைகளையும் ஈடுபாடுடைய வாசகன் ஒருவன் பொறுக்கி எடுத்துக் கோத்துப் பார்க்கின்றான். கோக்கும்பொழுது விடுபட்ட இடங்கள் தோன்றுகின்றன. அவற்றைத் தன் அறிவால் நிரப்புகின்றான். இவ்வாறு பிறப்பதே மறுமைப்படம்.

இப்படங்கள் எவ்வாறு தோன்றுகின்றன, எந்த அளவுகோலைக் கொண்டு அமைகின்றன, அவற்றை மெய்யென்றோ பொய்யென்றோ துணிதல் எங்ஙனம் என்னும் மூன்று வினாக்கள் ஈண்டு ஆராயப்படும். புதியதோர் உதாரணத்திலிருந்து தொடங்கிப் பழையனவற்றுக்கும், அவ்வழியே நம் யாழ்ப்பாணத்துக்கும் வருவாம்.

விளையாட்டிற் பிறந்த மறுமை

மேனாட்டில் இளைஞர் கூடி ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுக்கள் பல உள. மேசையைச் சுற்றி அமர்ந்து ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் முதலிய பாத்திரங்களை ஏற்றுப் பேசியும் பகடை உருட்டியும் ஆடுவர். இவற்றுள் முதன்மையானது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது. அமெரிக்கராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அமைத்த இவ்விளையாட்டு 1974 ஆம் ஆண்டு வெளிவந்தது. நம்மூர் மாணவர் சிலரும் கணினி வாயிலாக இதனை இன்று அறிவர்.

கதையிலே பாத்திரம் இறந்துபடுதல் உண்டு. இறந்தபின் அதன் உயிர் எங்கே செல்லும் என்னும் வினா எழுதல் இயல்பே. இதற்கு 1978 இல் வந்த ஆடுவோர் கைந்நூல் ஒரு விடை தந்தது. ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என்னும் மூன்றனோடு நன்மை, நடுநிலை, தீமை என்னும் மூன்றனையும் உறழ ஒன்பது குணநிலைகள் தோன்றும். ஒவ்வொரு பாத்திரமும் இவ்வொன்பதனுள் ஒன்றைச் சார்ந்தது. அக்குணநிலைகளுக்கும் அவற்றின் இடைநிலைகளுக்கும் ஏற்பப் பதினாறு புறவுலகங்கள் வகுக்கப்பட்டன. உயிர் தன் குணத்துக்கு இயைந்த உலகத்தைச் சென்றடையும். பிற்காலத்தில் இவ்வமைப்புப் 'பெருஞ்சக்கரம்' எனப் பெயர்பெற்றது. 1994 இல் வெளிவந்த 'பிளேன்ஸ்கேப்' என்னும் தொகுதி இதனையே முழுக் கதைக்களமாக விரித்தது.

இப்புறவுலகங்கள் எல்லையற்றன என்று அந்நூல்களே கூறுகின்றன. எல்லையற்றதற்கு வரம்புகட்டிப் படம் வரைதல் எவ்வாறு கூடும்? இவ்வினா ஆர்வலரைத் தடுத்திலது. கீழுலகங்கள் ஊடே 'ஸ்டிக்ஸ்' என்னும் ஆறு ஓடுகின்றதென நூல் கூறினால், அவ்வாற்றின் போக்கை வரைந்து காட்டுகின்றார் ஒருவர். ஓர் உலகம் அடுக்கடுக்காய் அமைந்ததென்றால், அடுக்குக்களை வெட்டுமுகமாக வரைகின்றார் வேறொருவர். 2008 ஆம் ஆண்டு வெளியீட்டாளரே சக்கரத்தைக் கைவிட்டு வேறோர் அமைப்பைப் புகுத்தியபோதும் பழைய சக்கரத்தைப் போற்றியோர் தம் படங்களைக் கைவிட்டிலர். 2014 இல் வந்த புதிய பதிப்பில் சக்கரம் மீண்டும் இடம்பெற்றது. ஒருவராலும் மெய்யென நம்பப்படாத மறுமைக்கும் இத்துணை உழைப்பு நல்கப்படுகின்றது. நம்பிக்கை ஒன்றே மறுமைப்படத்தை வரைவிப்பதன்று என்பது இதனாற் புலனாகும். செயலுக்கும் இடத்துக்கும் இயைபு காணவேண்டும் என்னும் வேட்கையும் அதனை வரைவிக்கின்றது.

தாந்தேயின் நரகமும் கலிலியோவின் கணக்கும்

இவ்வேட்கை புதிதன்று. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் பெருங்காப்பியத்தில் நரகத்தை ஒன்பது வட்டங்களாக வருணித்தார். அவர் படம் எதனையும் விட்டுச் சென்றாரல்லர். அவர் பிறந்த புளோரன்ஸ் நகரத்து வாசகரே அக்குறையை நிரப்பினர். அந்தோனியோ மனெத்தி என்பார் காப்பியத்துட் சிதறிக்கிடந்த குறிப்புக்களைக் கொண்டு நரகத்தின் வடிவையும் அளவையும் கணித்தார். அவர் கருத்துக்கள் அவர் மறைவின் பின் 1506 இல் அச்சேறின. அதற்கு முன்னரே ஓவியர் பொத்திச்செல்லி புனல்போற் குறுகிச் செல்லும் நரகத்தைத் தீட்டியிருந்தார். அவ்வோவியம் இன்று வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. 1544 இல் லூக்கா நகரத்தவராகிய வெலுத்தெல்லோ மனெத்தியின் அளவுகளை மறுத்து வேறொரு படம் வகுத்தார்.

தன் நகரத்துப் படத்தைக் காக்க விரும்பிய புளோரன்ஸ் கல்விக்கழகம் 1588 ஆம் ஆண்டளவில் இளங்கணித அறிஞர் ஒருவரை அழைத்து விரிவுரை நிகழ்த்தச் செய்தது. அவரே கலிலியோ. அவர் மனெத்தியின் பக்கம் நின்று, நரகத்தை மூடியிருக்கும் கூரையின் தடிப்பு நானூறு மைலுக்கு மேற்பட்டதென்றும், சாத்தானின் உயரம் அக்கால இத்தாலிய முழத்தில் ஏறக்குறைய 2,000 என்றும் கணக்கிட்டுக் காட்டினார். அத்துணைப் பெரிய கூரை இடிந்து விழாதோ என்னும் தடைக்கு, சிறிய வளைகூரை நிற்குமாயின் அதே விகிதத்தில் அமைந்த பெரியதும் நிற்கும் என விடையிறுத்தார்.

அவ்விடை பிழையானது. பொருளொன்றை எல்லாப் பக்கமும் இருமடங்கு பெருக்கினால் அதன் நிறை எண்மடங்காகும். நிறையைத் தாங்கும் குறுக்குப்பரப்போ நான்மடங்கே ஆகும். ஆதலின் விகிதம் மாறாது பெருக்கிய கூரை ஒரு நிலையிலே தன் நிறையாற் சிதைந்தே தீரும். இவ்வுண்மையைப் பின்னாளில், 1638 இல் வெளிவந்த தம் இறுதிப் பெருநூலில் விளக்கியவரும் கலிலியோவே. நரகத்தின் கூரையை அளக்கப் புகுந்த முயற்சியே அவரை இச்சிந்தனைக்கு உய்த்ததென மார்க் பீற்றர்சன் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர் கருதுகின்றார். அவர் கருத்தை ஏற்பினும் ஏலாவிடினும் ஒன்று தெளிவு. காணாத உலகை மைலால் அளக்கப் புகுந்தவன் கண்ட உலகின் விதிகளையே அங்கும் ஏற்றியாகவேண்டும். ஏற்றவே, படம் இடிந்து விழுகின்றது.

நம் நாட்டுப் படங்கள்

பாரதநாட்டில் மறுமைப்படம் கடைத்தெருவுக்கு வந்தது மிகப் பழங்காலத்திலேயாம். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாணபட்டர் தம் ஹர்ஷசரிதத்தில், யமனும் அவன் உலகத்துத் தண்டனைகளும் தீட்டப்பெற்ற துணிப்படத்தை விரித்து, கோலாற் சுட்டிக்காட்டிச் சிறுவருக்கு விளக்கும் ஒருவனைக் காட்டுகின்றார். முத்திராராட்சச நாடகத்திலும் சாணக்கியனின் ஒற்றன் யமபடம் காட்டுவோன் வேடத்திலேயே வீடுதோறும் புகுகின்றான். எவரும் ஐயுறாவண்ணம் எவ்வீட்டினுள்ளும் நுழைவதற்கு அவ்வேடம் உதவிற்று என்பதிலிருந்து அத்தொழில் அக்காலத்தில் எத்துணை வழக்கில் இருந்ததென்பது பெறப்படும்.

படத்தைப் பார்த்தல் ஒரு நிலை. அதனுள்ளே புகுந்து நடத்தல் மற்றொரு நிலை. இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு, தமிழ்நாட்டில் வைகுண்ட ஏகாதசி இரவில் உறங்காதிருப்பதற்கு ஆடப்படும் பரமபத சோபானம். சோபானம் என்பது படிக்கட்டு. கீழே பிறவியும் தீவினையும், மேலே தேவருலகங்களும், முடிவிற் பரமபதமுமாக அமைந்த கட்டங்களிலே, நல்வினைகள் ஏணியாய் ஏற்றவும் தீவினைகள் பாம்பாய் இறக்கவும் ஆடுவோன் காய் நகர்கின்றது. வடநாட்டில் இதனையொத்த ஞானசௌபர் என்னும் ஆட்டம் வைணவர்க்கு ஒருவகையாகவும், சமணர்க்கு ஒருவகையாகவும், சூஃபிகளுக்கு ஒருவகையாகவும் வழங்கிற்று. கட்டங்களின் தொகையும் பெயரும் சமயந்தோறும் வேறுபட்டன. ஏறுதலும் இறங்குதலும் வேறுபட்டில. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டம் இங்கிலாந்து சென்று, நாளடைவிற் கட்டங்களின் பெயரையெல்லாம் இழந்து, வெறும் எண்களோடு பாம்பும் ஏணியுமாய் நம்மிடம் மீண்டது. பெயர் நீங்கியபோது அது மறுமைப்படமாதலும் நீங்கிற்று. மறுமைப்படத்துக்கு உயிராவது வடிவமன்று, வினையும் இடமும் தம்முட் கொண்ட தொடர்பே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஈழத்துச் சைவராகிய நமக்கு இத்துறையிற் பயிற்சி தந்தது ஆட்டமன்று, புராணபடனம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராணக் கலாசாரம் எனப் பெயரிட்டழைத்தமை யாவரும் அறிந்ததே. கோயில் மண்டபத்தில் ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பயன்சொல்ல, ஊரார் இருந்து கேட்பர். கந்தபுராணத்து அசுரகாண்டத்தில் அண்டகோசப் படலம் என ஒரு பகுதி உண்டு. ஆயிரத்தெட்டு அண்டங்களின் ஆட்சியை வரமாகப் பெற்ற சூரபன்மனின் வரலாற்றிடையே, அண்டம் ஒன்றன் அமைப்பைக் கீழுலகங்கள் முதல் மேலுலகங்கள் ஈறாக அது விரிக்கின்றது. செய்யுளில் வரும் தொகைகளைப் பயன்சொல்பவர் கையாற் சுட்டி, கீழ் இது, அதன்மேல் இது என ஒழுங்குபடுத்த, கேட்போர் உள்ளத்தில் ஒரு படம் எழும். காகிதத்தில் வரையப்படாத படம் அது. ஊர்தோறும் பயன்சொல்பவரின் திறனுக்கேற்பச் சிறிது வேறுபட்டும் எழுந்திருக்கும்.

யமபுரத்து வழி

இனி அளவுகோல் பற்றிய வினாவுக்கு வருவாம். இதற்கு விடைதரவல்லது கருட புராணம். துயர்வீட்டிலன்றி மற்றக் காலங்களில் அதனைப் படித்தலாகாது என்பர் முதியோர். அப்புராணத்தின் சாரோத்தாரம் என்னும் சுருக்கநூல் யமபுரத்து வழியைப் படம்போற் காட்டுகின்றது. வழியின் நீளம், வைதரணி ஆற்றை நீக்கி, 86,000 யோசனை. இடையிலே சௌமியம், சௌரிபுரம் முதலாகப் பதினாறு நகரங்கள். இறந்தவன் உயிர் பதின்மூன்றாம் நாளிற் புறப்பட்டு, நாளொன்றுக்கு 247 யோசனை நடக்கின்றது.

86,000, 247 என்னும் இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? வாளா சொல்லப்பட்டன போலத் தோன்றும் இவற்றை வகுத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். 86,000 யோசனையை 247 ஆற் பிரிக்க 348 நாள் வருகின்றது, மீதி புறக்கணிக்கத்தக்கது. புறப்படுவதற்கு முன் கழிந்த பன்னிரண்டு நாளை அதனோடு கூட்ட 360 ஆகும். அஃதாவது, பன்னிரண்டு மாதம் கொண்ட ஓராண்டு. இறந்த வீட்டார் ஆட்டைத் திவசம் செய்து துயர்காத்தலை முடிக்கும் காலமும் அதுவே. பதினாறு நகரங்களும் இவ்வாறே. அவ்வாண்டினுட் செய்யப்படும் மாசிகம் முதலிய சிராத்தங்களில் இடப்படும் பிண்டத்தை உயிர் அந்தந்த நகரத்திலே பெற்று உண்டு இளைப்பாறிச் செல்கின்றதென நூல் கூறும்.

ஆகவே இப்படத்தின் அளவுகோல் யோசனையன்று, நாள். தொலைவை அளந்து நாள் கணிக்கப்பட்டிலது; நாளுக்கு இயையவே தொலைவு அமைந்தது. உயிரின் வழி, இருப்போரின் கடமையாண்டை நிலத்தின்மேல் விரித்துக்காட்டிய உருவம். இதனை வேறொரு நூலும் துணிவிக்கின்றது. பாகவதத்தின் மூன்றாம் கந்தம் அதே வழியை 99,000 யோசனை எனக்கொண்டு, யமதூதர் அதனை இரண்டு அல்லது மூன்று முகூர்த்தத்திற் கடத்துவர் என்கின்றது. முகூர்த்தம் ஒன்று 48 நிமிடம். ஓரிடத்தில் ஓராண்டு, மற்றோரிடத்தில் இரண்டரை மணிக்கும் உட்பட்ட பொழுது. நரகங்களின் தொகையும் அவ்வாறே: மனுவில் 21, பாகவதத்தில் 28, சைவநூல் வழக்கில் இருபத்தெட்டுக் கோடி. இம்முரண்கள் நம் முன்னோர் கண்ணிற் படாதிருந்தன என்று எண்ணுதல் தகாது. தொலைவைத் தொலைவாகக் கொண்டவனுக்கே இவை முரண். ஒரு நூல் துயர்காக்கும் மக்களை நோக்கிச் சொல்கின்றது. மற்றொரு நூல் தீவினையாளனை அச்சுறுத்திச் சொல்கின்றது. சொல்லும் நோக்கம் வேறுபட அளவும் வேறுபட்டது.

நம் யாழ்ப்பாணத்து வழக்குகளும் இதனோடு ஒத்துவருகின்றன. சித்திரைப் பூரணையில் தாயை இழந்தோர் விரதம் காப்பதும், கோயில்களிற் சித்திரபுத்திரனார் கதை படிக்கப்படுவதும், சித்திரைக் கஞ்சி வார்க்கப்படுவதும் யாவரும் கண்டவை. ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தோர் கீரிமலை முதலிய தீர்த்தங்களுக்குச் செல்வர். யமனுடைய கணக்கன் எங்கே இருக்கின்றான் என்று கஞ்சி வார்க்கும் எவரும் வினவுவதில்லை. எந்த நாளில் யாருக்கு எது செய்யவேண்டும் என்பதே அவர் அறிய விரும்புவது.

வட்டுக்கோட்டையில் எழுந்த வழக்கு

தொலைவைத் தொலைவாகவே கொண்டு நம் படத்தைச் சோதித்த காலம் ஒன்று நம் வரலாற்றில் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவி, வானநூலையும் பூமிசாஸ்திரத்தையும் கற்பித்தனர். பூமியின் நடுவே மேரு, அதனைச் சூழ ஏழு தீவு, ஏழு கடல், அவற்றிற் பாற்கடலும் ஒன்று எனக் கூறும் புராண அமைப்புப் பொய்யென நிறுவினால், அதனோடு பிணைந்த சுவர்க்க நரகங்களும் சமயமும் தாமே சரியும் என அவர்கள் எண்ணினர். 1829 ஆம் ஆண்டு மார்ச் மாதத்துச் சந்திரகிரகணம் இவ்வாதத்துக்கு வாய்ப்பளித்தது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பைச் செமினரி அதிபர் டானியேல் பூவர் வெளிப்படையாக மறுத்துரைத்தார். கிரகணம் பூவர் கணக்கோடே மிகப் பொருந்திற்று.

இவ்வழக்கில் மறக்கப்படுவது ஒன்றுண்டு. சாஸ்திரியார் கணித்தது புராண முறையாலன்று. சித்தாந்த வானநூல் முறையால். அம்முறையில் பூமி உருண்டை. 1150 இல் சித்தாந்த சிரோமணி இயற்றிய பாஸ்கரர் பூமி தட்டை என்னும் கூற்றை வன்மையாக மறுத்துள்ளார். சூரிய சித்தாந்தமோ மறுக்காது இணக்கியது: மேருவைப் பூமியின் ஊடே செல்லும் அச்சாக்கி, அதன் வடமுனையிலே தேவரையும் தென்முனையிலே அசுரரையும் இருத்தி, பாதாளங்களைப் பூமியின் உள்ளே அமைத்தது. வடமுனையில் ஆறுமாதம் பகலும் ஆறுமாதம் இரவுமாதலின், நம் ஆண்டொன்று தேவர்க்கு ஒருநாள் என்னும் புராணக் கணக்கும் பொருந்திவிட்டது. மனெத்தி தாந்தேக்குச் செய்ததை நம் வானநூலார் புராணத்துக்குச் செய்தனர் எனலாம். ஆகவே கிரகணத்தில் நேர்ந்தது கணிப்பின் பிழை. அதனை மறுமைப்படத்தின் பிழையாக்கியது வாதத்தின் வேகம்.

இதற்கொரு பின்னுரையும் உண்டு. பூவருக்குப் பின் செமினரி அதிபரான ஹொய்சிங்டன், வானநூல் வல்லவர். புராண பூகோளத்தை எதிர்த்தவர். அவரே தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்னும் மூன்றையும் ஆங்கிலத்திற் பெயர்த்து 1854 இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழக வெளியீட்டில் அச்சிடுவித்தார். யாழ்ப்பாணத்துச் சைவரின் சமயம் பாற்கடலின் இருப்பில் தங்கியதன்று என்பதை அவர் உழைப்பே காட்டுகின்றது. அது தங்கியிருந்த அமைப்பு வேறு.

கடத்தற்குரிய புவனங்கள்

அவ்வமைப்பினைச் சைவாகமம் ஆறு அத்துவா என்னும். அத்துவா என்பதன் பொருள் வழி. மந்திரம் 11, பதம் 81, வன்னம் 51, புவனம் 224, தத்துவம் 36, கலை 5 என்பன அவை. உயிர்கள் சென்று நுகரும் இடமெல்லாம் 224 புவனங்களுள் அடங்கும். அவற்றை ஐந்து கலைகளில் வகுத்து, நிவிர்த்தியில் 108, பிரதிட்டையில் 56, வித்தையில் 27, சாந்தியில் 18, சாந்தியதீதையில் 15 எனக் கணக்கிடுவது ஆகம வழக்கு. நரகங்களும் சுவர்க்கங்களும் அவற்றின் மேலான சுத்தபுவனங்களும் இதனுள் உள.

பெருஞ்சக்கரத்தினின்றும் பரமபத சோபானத்தினின்றும் இப்படம் வேறுபடும் இடம் ஒன்றே; ஆயின் அது மிகப் பெரிது. சக்கரத்தில் உயிர் தன் குணத்துக்கேற்ற உலகத்தை அடைவதே முடிவு. சோபானத்தில் முடிவாகிய பரமபதம் மேற்கட்டமாய்ப் படத்தினுள்ளேயே வரையப்பட்டுள்ளது. சைவப் படத்திலோ 224 புவனங்களும் கட்டுநிலையைச் சேர்ந்தவை, சுவர்க்கமும் கட்டே. வீடுபேறு 225 ஆம் புவனமன்று. அது எவ்விடத்தும் குறிக்கப்படவில்லை. இடமன்மையாற் குறிக்கப்படவும் இயலாது. தீட்சையில் ஆசாரியர் அத்துவாக்களைச் சோதிப்பது உயிர் அவற்றைக் கடத்தற்பொருட்டு. நாம் முப்பத்தோராம் நாளிற் செய்யும் கிரியைக்கு வழங்கும் அந்தியேட்டி என்னும் பெயரும், ஆகமத்தில் தீட்சைபெற்றோர் பொருட்டு இறுதியிற் செய்யப்படும் இவ்வகைக் கிரியையைக் குறிப்பதே.

இங்ஙனம் ஒரே வீட்டில், ஒரே மரணத்தின்பின், இரண்டு படங்கள் ஒருங்கே வழங்குகின்றன. ஒன்று ஓராண்டு நடக்கும் வழியைக் காட்டுவது. மற்றொன்று கடக்கவேண்டிய புவனங்களைக் காட்டுவது. இரண்டையும் ஒரு தாளில் ஒட்டவைக்க இயலாது. ஆயினும் குருக்களுக்கும் வீட்டாருக்கும் இதனால் இடர் ஏதும் இல்லை. முதலாவது, இறந்தவரை உடனே மறந்துவிடாதே என்று இருப்போர்க்குச் சொல்கின்றது. இரண்டாவது, அவரை என்றும் பற்றி நிறுத்தாதே என்று சொல்கின்றது. இரண்டும் வேண்டப்படுவனவே.

தொடங்க இயலாத கணக்கு

மறுமைப்படத்தின் அளவுகோல் இருப்போரின் கடமையே என்பது வெறும் நூலாராய்ச்சி முடிபன்று. அதன் வன்மையை நம் காலத்தில் நம்மவர் துன்பத்தின் வாயிலாக உணர்ந்துள்ளனர். கருட புராணத்துக் கணக்கு முழுவதும் ஓர் எண்ணின்மேல் நிற்கின்றது: இறந்த நாள். அந்நாளிலிருந்து பதின்மூன்றும், முப்பத்தொன்றும், மாசிகங்களும், ஆட்டையும் எண்ணப்படும். அந்நாள் தெரியாதாயின் முதல் அடியே எடுத்துவைக்க முடியாது.

2009 மே மாதத்தில் முடிவுற்ற போரிலே காணாமற்போனோரின் குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் பல உள. கணவனையும் மகனையும் தேடும் பெண்கள் 2017 இல் கிளிநொச்சியிலும் பிற இடங்களிலும் வீதியோரத்தில் தொடர்போராட்டங்களைத் தொடங்கினர். காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் நிறைவேற்றப்பட்டது. மரணச் சான்றிதழை ஏற்க மறுப்போர், காணாமற்போனமையை மாத்திரம் குறிக்கும் சான்றிதழைப் பெறுதற்கும் சட்டம் இடமளித்தது. அரசின் ஏட்டுக்கு இவ்விரண்டாவது சான்றிதழ் போதும். ஆடி அமாவாசைக்குப் போதாது. காணாமற்போன ஒருவரின் மகன் அன்று கீரிமலைக்குச் செல்வதா, செல்லாதிருப்பதா? சென்றால் தந்தை இறந்தார் என ஏற்றுக்கொண்டதாகும். செல்லாவிடின், அவர் இறந்திருப்பாராயின், வழியிலே உணவின்றி நிற்க விட்டதாகும். படம் அவன் முன் விரிந்துள்ளது. அதிற் தன் தந்தை நிற்கும் இடத்தை அவனாற் குறிக்க இயலவில்லை.

நம் ஸ்மிருதிகாரர் இந்நிலையை நினைந்து பார்த்தவரே. செய்தியின்றிப் போனவனுக்காகப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, பின்னர்த் தருப்பையாலும் 360 பலாசக் காம்புகளாலும் உருவமைத்து, அதனை உடலாகக் கொண்டு கிரியை செய்யலாம் என அவர் விதித்தனர். உடலும் நாளும் இல்லாத இடத்தில் இரண்டையும் அமைத்துக்கொடுத்து, நின்ற கணக்கைத் தொடக்கிவைக்கும் விதி அது. ஆயின் 2009 இலிருந்து எண்ணினும் அப்பன்னிரண்டு ஆண்டு 2021 இலேயே நிறைந்துவிட்டது. தேடுவோரிற் பலர் இன்னும் தேடுகின்றனர். அவர்களை நோக்கி விதியைக் காட்டி, இனிப் போதும் என்று கூறும் உரிமை பிறர்க்கில்லை. விதி காத்திருத்தலுக்கு ஓர் எல்லையை அனுமதிக்கின்றது, அவ்வெல்லையைக் கட்டளையிடவில்லை. உண்மையைக் கூறவேண்டியவர் கூறாதிருக்கும்வரை, அவர்கள் கையிலுள்ள படம் தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மறுமைப்படங்களை நூலாசிரியரினும் மிகுதியாக வாசகரும் கேட்போரும் ஆக்கினர் என்பதும், அவற்றை மைலாலும் யோசனையாலும் அளந்தபோதெல்லாம் அவை சிதைந்தன என்பதும், வினையாலும் நாளாலும் அளந்தபோது அவை நிலைத்தன என்பதும் பெறப்பட்டன. மெய்யோ பொய்யோ என்னும் வினாவுக்கும் விடை இதனுள்ளே உளது. நிலப்படம் மெய்யாவது அதன்வழி நடந்தவன் ஊரை அடைதலால். மறுமைப்படத்தின்வழி நடப்போர் இறந்தவர் அல்லர், இருப்போரே. ஆதலின் இருப்போரை எவ்விடத்திற் கொண்டு சேர்க்கின்றது என்பது கொண்டே அதனை மதித்தல் வேண்டும்.

பாத்திரமேற்பு விளையாட்டின் சக்கரத்தை வரையும் மாணவனை வீண்பொழுது போக்குவோன் என ஆசிரியர் இகழவேண்டுவதில்லை. ஒவ்வோர் உலகத்தின் எதிரிலும் அங்குச் செல்வோன் யாது செய்தவன் என்று எழுதுமாறு அவனைப் பணித்தாற் போதும். அப்பொழுது அவன், கோலாற் சுட்டிக் கதைசொன்ன யமபடக்காரனும் கோயில் மண்டபத்திற் பயன்சொன்ன பெரியவரும் செய்த தொழிலையே தானும் செய்கின்றான் என்பதை அறிவான்.